மூக்கை அளந்தவர்களும் கணக்கைக் கேட்டவரும்



மறைந்த தோழரைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். அவரோடு என்னைவிட நெருங்கிப் பழகியவர்கள் அவர்கள். ஆகவே அவர் நடத்திய கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்த ஒரு கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். நாள், நட்சத்திரம், தோஷம், பரிகாரம் என்றெல்லாம் நாம் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுவார். "நீங்க விஞ்ஞானி சொன்னத நம்புறீங்க. நாங்க பெரியவங்க சொன்னத நம்புறோம். கிருமிய நீங்க கண்ணால பாத்தீங்களா? ரெண்டும் நம்பிக்கைதானே?" என்பார். கூட்டம் சிரிக்கும். மேடையில் நிற்பவருக்குக் கொஞ்சம் வியர்க்கும்.

மடக்குவதற்காகக் கேட்கிறார்கள் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்பவரின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், கேள்வி நியாயமானது. நான் கிருமியைப் பார்த்ததில்லை. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை அளந்ததில்லை. சமூகவியலில் நான் படித்ததில் பெரும்பகுதி, யாரோ ஓர் ஊரில் போய்த் தங்கி எழுதியதை நான் ஏற்றுக்கொண்டதுதான். நம் அறிவில் முக்கால் பங்கு பிறர் சொல்லி நாம் எடுத்துக்கொண்டது. இதை மறைத்துப் பேசினால் பின்வரிசைக்காரர்தான் ஜெயிப்பார்.

அதோடு, இந்தக் கேள்விக்கு நம்மிடம் தனியாக ஒரு வரலாறும் இருக்கிறது. அறிவியல் நமக்கு விடுதலையின் பெயராக மட்டும் வந்து சேரவில்லை. கையில் இடுக்கியோடும் வந்தது. நம் முன்னோரின் தலையையும் மூக்கையும் அளந்து, நீங்கள் இருக்கும் இடத்தில் இருப்பதற்குக் காரணம் உங்கள் எலும்பில் இருக்கிறது என்று சொன்னது. அதை நம் முன்னோரில் ஒருவர் எப்படி எதிர்கொண்டார் என்பதைப் பார்த்தால், பின்வரிசைக்காரருக்கு ஒரு பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கடவுள் நம்பிக்கை, மூடநம்பிக்கை, தன்னம்பிக்கை, நம்பிக்கைத் துரோகம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே சொல். சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்குக் கோரும் முதலமைச்சர் தன்னைக் கும்பிடச் சொல்லிக் கேட்பதில்லை. எண்ணிக்கையைக் காட்டுகிறேன், சரிபாருங்கள் என்கிறார். இன்னொரு சொல் இருக்கிறது, விசுவாசம். அது தேவாலயத்திலும் புழங்குகிறது, பண்ணை வீட்டிலும் புழங்கியது. பண்ணையாரின் வாயில் 'விசுவாசமான ஆள்' என்றால் கணக்குக் கேட்காத ஆள் என்று பொருள்.

கீழத்தஞ்சையில் 1940களில் செங்கொடிச் சங்கம் வைத்துப் போராடிய பண்ணையாட்களின் கோரிக்கைகளை நாம் சொல்லும்போது சவுக்கடியையும் சாணிப்பாலையும் சொல்வோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதே பட்டியலில் முத்திரை மரக்காலும் இருந்தது. கூலி நெல்லை முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்று கேட்டார்கள். வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது வேறொரு மரக்கால் என்பது பண்ணைகளின் பழைய வித்தை. முத்திரை மரக்காலைக் கேட்டவர்கள் ஒவ்வொரு நெல்மணியையும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. அவர்களும் நம்பத்தான் போகிறார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் எடுத்துச் சோதிக்கக்கூடிய, பொய்யென்றால் புகார் செய்யக்கூடிய ஓர் அளவையைத்தான் நம்புவோம் என்றார்கள். பண்ணையார் அதைத் தன்மீது வைத்த அவநம்பிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

இனி மூக்குக்கு வருகிறேன்.

ஹெர்பர்ட் ரிஸ்லி வங்காளத்தில் பணியாற்றிய ஆங்கிலேய ஆட்சிப்பணி அதிகாரி. பிரெஞ்சு மானுடவியலர் பால் தோப்பினார் வகுத்த முறையைக் கையிலெடுத்து, 1880களில் வங்காளத்திலும் வட இந்தியாவின் பிற பகுதிகளிலும் ஆயிரக்கணக்கானவர்களை அளக்கச் செய்தார். வங்காளத்தின் குலங்களையும் சாதிகளையும் பற்றிய அவருடைய தொகுதிகள் 1891-இல் வெளிவந்தன. அவருக்குப் பிடித்த அளவு மூக்குக் குறியீட்டெண். மூக்கின் நீளத்தை 100 என்று வைத்துக்கொண்டால் அகலம் எவ்வளவு என்பதுதான் அந்த எண். 70-க்குக் கீழே இருந்தால் கூர்மூக்கு, 85-க்கு மேலே போனால் தட்டைமூக்கு, இடையில் நடுத்தரம். கூர்மூக்கு ஆரியம், தட்டைமூக்கு திராவிடம் என்று வைத்துக்கொண்டு ரிஸ்லி ஒரு விதியையே சொன்னார்: ஒரு சாதியின் மூக்கு எவ்வளவுக்கு அகலமோ அவ்வளவுக்கு அதன் சமூக மதிப்புத் தாழும். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அவரே ஆணையர். சாதிகளைச் சமூக மேன்மை வரிசைப்படி அடுக்கச் சொன்னதும் அவர்தான். எங்கள் சாதியை மேலே போடுங்கள் என்று அரசுக்கு மனுக்கள் குவிந்தன. அந்த மனுக்களின் தொடர்ச்சியாக உண்டான சாதிச் சங்கங்கள் சில இன்றும் மாநாடு போடுகின்றன.

சென்னையில் இந்த வேலையைச் செய்தவர் எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். இடுக்கியும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு நீலகிரிக்கும் வயநாட்டுக்கும் மலபாருக்கும் போனார். 1909-இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளும் குலங்களும் பற்றிய நூலை வெளியிட்டார். இன்றும் ஆய்வேடு எழுதுகிறவர்கள் அதைத் தொடாமல் போவதில்லை. அவரே எழுதி வைத்திருக்கும் ஒரு செய்தி என்னை விட்டுப் போவதில்லை. வயநாட்டுக்கு அவர் போனபோது பணியர் பெண்கள் பயந்தார்களாம். தங்களில் நல்ல மாதிரிகளாகத் தேர்ந்தெடுத்துத் தோலுக்குள் பஞ்சடைத்து எழும்பூரில் நிறுத்தப்போகிறார் என்று நினைத்தார்களாம். தர்ஸ்டன் இதை வேடிக்கையாகச் சொல்கிறார். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் புலியும் மானும் பஞ்சடைத்து நிற்கின்றன. அதன் அதிகாரி வந்து உன் மூக்கை அளக்கிறார், எதற்கு என்று சொல்லவில்லை. அந்தப் பெண்களின் பயம் அறியாமையில் வந்தது என்பதைவிட, கையிலிருந்த சான்றை வைத்துச் செய்த கணிப்பு என்பதே பொருத்தம். முடிவு தவறாக இருக்கலாம். யோசித்த முறையில் பிழை சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அளக்கப்பட்டவர்களுக்கு அந்த எண்கள் காட்டப்படவில்லை. காட்டியிருந்தாலும் படிக்கப் பள்ளிக்கூடம் இல்லை.

இந்த இன வாதத்தை நம்மவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது கொஞ்சம் சங்கடமான பகுதி. முழுதாக எதிர்த்தார்கள் என்று சொன்னால் பொய். ஆரியர் வந்தேறிகள், நாம் மண்ணின் மூலக்குடிகள் என்ற வாதத்தில் நமக்கு ஒரு நிமிர்வு இருந்தது. சென்னை மாகாணத்தில் ஆதிதிராவிடர் என்ற பெயர் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922-இல் அரசு ஆவணங்களில் ஏறியது. இழிசொல்லாக்கப்பட்ட பெயர்களுக்குப் பதிலாக அது வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள்ளும் ரிஸ்லி காலத்து இன நூல் ஒன்று மறைந்திருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் வேறு பக்கம் நின்றார். அவர் சித்த மருத்துவர். 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில், தீண்டாமையின் மூலத்தை எலும்பில் தேடாமல் பௌத்தர்மீது வளர்ந்த பகையில் தேடினார். அவர் சான்றுகளைக் கையாண்ட முறையில் எனக்குக் கேள்விகள் உண்டு. தேடிய இடம் சரி.

அம்பேத்கர் இந்த இன நூலைத் தொட்டது 1916-இல். அப்போது அவருக்கு வயது 25. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், இந்தியச் சாதிகள் பற்றிய கட்டுரையை அந்த ஆண்டு மே மாதம் வாசித்தார். ஐரோப்பிய ஆய்வாளர்கள் நிறத்துக்கு மிதமிஞ்சிய இடம் கொடுக்கிறார்கள் என்று அதிலேயே சொல்லிவிட்டார். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது, தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் கட்டாயத்தில் இருக்கிறது என்பது அவருடைய முடிவு. சதி, கட்டாயக் கைம்மை, பெண்குழந்தை மணம் மூன்றும் அந்த வேலியைக் காக்கப் பிறந்தவை என்று காட்டினார். கட்டுரையின் கடைசியில், தன் கோட்பாடு நிற்காது என்று யாராவது காட்டினால் அதைக் கைவிடவும் தயார் என்கிறார். அந்த இடத்தை மாணவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் முன்னால் நிற்கும் ஓர் இளைஞரின் அடக்கம் என்று நினைத்துவிடுகிறோம். பின்னால் அது தேவைப்படும் என்பதால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் இன்னும் அழுத்தமாக வருகிறார். பஞ்சாபின் பிராமணரும் பஞ்சாபின் சமாரும் ஒரே இனம், சென்னையின் பிராமணரும் சென்னையின் பறையரும் ஒரே இனம் என்கிறார். சாதி என்பது இனங்களைப் பிரித்த கோடு அல்ல, ஒரே இனத்துக்குள் போட்ட கோடு என்பது வாதம். 1946-இல் 'சூத்திரர்கள் யார்?' நூலில் ஆரிய இனக் கோட்பாட்டை வேத வாசகங்களை வைத்தே உடைக்கிறார். 1948-இல் வந்தது 'தீண்டப்படாதவர்கள்'. நந்தனாருக்கும் ரவிதாசருக்கும் சோகாமேளாவுக்கும் காணிக்கையாக்கிய நூல் அது. அதில்தான் மூக்குக் குறியீட்டெண் அட்டவணைகளோடு நேராக மோதுகிறார்.

அவர் செய்ததைக் கவனியுங்கள். மூக்கை அளப்பது அவமானம், ஆகவே அந்த எண்களை ஏற்கமாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல உரிமையும் இருந்தது. அவர் அட்டவணையைக் கேட்டார். தானாக ஒரு மூக்கையும் அளக்கவில்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியலர் ஜி.எஸ். குர்யே, 1932-இல் வெளிவந்த சாதியும் இனமும் பற்றிய தன் நூலில் ரிஸ்லி வழிவந்த அளவுகளை மாகாணவாரியாகப் பிரித்து அடுக்கியிருந்தார். ஐக்கிய மாகாணத்துக்கு வெளியே ரிஸ்லியின் விதி ஒத்துவரவில்லை என்பது குர்யேயின் முடிவு. குர்யே நம் அரசியலுக்கு நண்பர் அல்லர். அந்த அட்டவணைகளை எடுத்து அம்பேத்கர் ஒரு படி மேலே போனார். பிராமணர் ஆரியர் என்றால் இந்த எண்களின்படி தீண்டப்படாதவரும் ஆரியர்தான், பிராமணர் திராவிடர் என்றால் இவரும் திராவிடர்தான், ஆகவே தீண்டாமைக்கு இன வேறுபாடு காரணமில்லை என்று முடித்தார். ஆதி இனம் என்ற பெருமையில் ஆறுதல் கண்டிருந்த நம்மவர்களுக்கும் அது இனிக்கிற முடிவு அல்ல. அவர் அதற்காகத் தயங்கவில்லை.

முதுகலை வகுப்பில் எங்களுக்குக் குர்யே பாடமாக இருந்தார். அவருடைய அட்டவணையைத் திருப்பிப்போட்டவரைப் பாடத்திட்டத்தில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது பின்வரிசைக்காரரின் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் சொல்ல முடியும். கௌதம தர்மசூத்திரத்தில், வேதம் ஓதுவதைச் சூத்திரன் கேட்டால் அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்லியிருக்கிறது. யாரைப் பற்றிச் சொல்கிறதோ அவர்கள் கேட்கக்கூடாது என்பது அந்த நூலின் காவல். ரிஸ்லியின் நூலும் நம்மைப் பற்றி இழிவாகத்தான் சொன்னது. ஆனால் அதில் எண்கள் இருந்தன, அளந்த முறை இருந்தது, அதை எடுத்து ஒரு மகார் வீட்டுப் பிள்ளை கூட்டிக் கழிக்க முடிந்தது. கூட்டிக் கழித்து, நீ சொன்ன விதி உன் எண்களிலேயே இல்லை என்று அச்சடித்துக் கொடுக்க முடிந்தது. சாஸ்திரத்தில் அப்படிக் கூட்டிக் கழிக்க எதுவும் இல்லை.

அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்று பள்ளி மேடைகளில் சொல்வார்கள். பாதி உண்மை. ரிஸ்லியின் அட்டவணை தானாக எழுந்து திருந்தவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. புள்ளியியலர் பி.சி. மகாலனோபிஸ், 1933-இல் தொடங்கிய 'சாங்க்யா' ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே ரிஸ்லியின் வங்காள அளவுகளைத் திரும்ப எடுத்து முரண்பாடுகளைச் சரிபார்த்தார். அவருக்கு எண் சரியாக இருக்க வேண்டும் என்ற கவலை. அம்பேத்கருக்கு அந்த எண்ணின் பெயரால் தன் மக்கள் எங்கே நிறுத்தப்படுகிறார்கள் என்ற கவலையும் சேர்ந்திருந்தது. இரண்டு கவலையும் இல்லாதவர்களிடம் அட்டவணை இருந்தபோது அது நாற்பது ஆண்டுகள் விதியாக உலவியது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்ல கதை. நாம் ஜெயித்த கதை. ஆனால் கணக்குக் கேட்கிறவர்கள் தமக்குப் பிடிக்காத பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும்.

ஐக்கிய மாகாணத்தில் 1941 கணக்கெடுப்போடு ஒட்டி எடுக்கப்பட்ட உடலளவுகளை மகாலனோபிஸ், மஜும்தார், சி.ஆர். ராவ் மூவரும் ஆராய்ந்து 1949-இல் வெளியிட்டார்கள். ரிஸ்லியைவிடப் பல மடங்கு கவனமான வேலை. அதில் அந்த மாகாணத்தின் குழுக்கள் ஏறக்குறையச் சமூக வரிசையை ஒட்டியே அமைந்திருந்தன. 2009-இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. அவர்கள் ஆராய்ந்த பெரும்பாலான இந்தியக் குழுக்கள் இரண்டு பழைய மக்கள்தொகுதிகளின் கலப்பு. அதில் வடக்குத் தொகுதியின் பங்கு குழுவுக்குக் குழு 39 முதல் 71 விழுக்காடு வரை மாறுகிறது. மேல்சாதிக் குழுக்களில் அந்தப் பங்கு கூடுதலாக இருக்கிறது.

அப்படியானால் ஒரு மாகாணத்தின் பிராமணரும் தலித்தும் இனத்தால் ஒன்றே என்று 1948-இல் அம்பேத்கர் எழுதியது? எழுதியபடியே அப்படியே நிற்கவில்லை. மூக்கு அட்டவணை அவ்வளவு பாரத்தைத் தாங்கும் கருவியே அல்ல. இதை இந்த மேடையில் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஏனென்றால் சொல்ல வழிவகுத்தவரே அவர்தான். 1916-இல் சொன்னதைக் குறித்துவைக்கச் சொன்னேனே, அதே பேச்சு 1948 நூலின் முன்னுரையிலும் வருகிறது. தன் ஆய்வு முடிவே இறுதி என்று கோரவில்லை என்கிறார். தன்மீது விசுவாசம் வைக்கச் சொல்லி அவர் யாரையும் கேட்டதில்லை. நாமாகத்தான் சில நேரம் வைத்துவிடுகிறோம்.

அதற்காக ரிஸ்லி திரும்பி வந்துவிட்டார் என்று துள்ளுகிறவர்களும் அடுத்த பக்கத்தைப் படிக்க வேண்டும். 2013-இல் அதே ஆய்வுக் குழுவினர் 73 குழுக்களை எடுத்து, கலப்பு எப்போது நடந்தது என்று கணக்கிட்டார்கள். ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் துணைக்கண்டத்தில் பரவலாகக் கலப்பு நடந்திருக்கிறது. தனித்து வாழ்வதாக நாம் நினைக்கும் பளியரும் பீல் மக்களும்கூட அந்தக் கலப்புக்கு வெளியே இல்லை. பிறகு அது அநேகமாக நின்றுவிடுகிறது. 2016-இல் வங்காளத்தின் கல்யாணியிலிருந்து பார்த்த மஜும்தார் குழுவினர் (1949-இன் மஜும்தார் வேறு) மேல்சாதிகளில் அகமணம் இறுகியது ஏறத்தாழ 70 தலைமுறைகளுக்கு முன் என்றார்கள். ஆகவே தூய்மையாக வந்த இனங்கள் தூய்மையாகவே அடுக்கப்பட்டன என்ற ரிஸ்லியின் படம் கிழிந்துவிட்டது. முதலில் எல்லோரும் கலந்தார்கள். பிறகு வேலி போட்டார்கள். வேலிதான் சாதி என்று 1916-இல் ஒரு மாணவர் சொன்னது, அப்போது யாரும் கற்பனை செய்யாத ஒரு கருவியால் வலுப்பெற்றிருக்கிறது.

இங்கே நம் தோழர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தீண்டாமை ஏறத்தாழ கி.பி. 400-இல் பிறந்தது என்று அம்பேத்கர் எழுதினார், 70 தலைமுறையைப் பெருக்கினால் அதன் அருகில் வருகிறது, அறிவியலே அம்பேத்கரை நிரூபித்துவிட்டது என்று ஒருவர் உற்சாகமாகப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அகமணம் இறுகுவதும் தீண்டாமை பிறப்பதும் ஒரே நிகழ்வு அல்ல. மரபணு இரண்டாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிடித்த எண்ணைப் பறித்துக்கொள்வதும், பிடிக்காத எண்ணைக் காலனியச் சதி என்று தள்ளுவதும் சேர்ந்தால், பின்வரிசைக்காரர் சொல்வது நம் விஷயத்தில் உண்மையாகிவிடும்.

வேலி உடம்பில் எழுதியிருக்கும் கணக்கு வேறொரு வகையிலும் தெரிகிறது. ஆந்திர வைசியர்களில் சிலருக்கு ஒரு நொதி குறைவாக இருக்கும். அறுவைக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்து மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியும், இவர்களுக்கு மணிக்கணக்கில் தெளியாது. பல நூறு ஆண்டுகள் உள்ளுக்குள்ளேயே மணம் முடித்ததன் தடம் அது. 2017-இல் 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களைப் பார்த்ததில் 81 குழுக்களில் இப்படிப்பட்ட தடம் அழுத்தமாக இருந்தது. சாதிப் பெருமையில் சொந்தத்துக்குள் பெண் எடுப்பவர்கள் இந்த ஆய்வையாவது படிக்கலாம்.

சரி, இந்த மரபணு முடிவுகளை நான் எப்படி ஏற்கிறேன்? ஆய்வகத்தில் நான் நின்றதில்லை. அந்தக் கணிதம் எனக்குப் பாதிதான் புரிகிறது. முத்திரை மரக்காலை ஏற்ற பண்ணையாள் போலத்தான் ஏற்கிறேன். முத்திரை போட்டவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள், மற்றவர் அளவில் பிழை கண்டுபிடித்தால் பெயர் கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள் என்பது தெரியும். தரவு வெளியே இருக்கிறது என்பது தெரியும். இது நம்பிக்கைதான். விசுவாசம் இல்லை.

ஆனால் தரவு வெளியே இருந்தால் மட்டும் போதுமா என்ற இடத்தில் என் வாதம் தடுமாறுகிறது. அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊரில் 1932-இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் நோய். சிகிச்சை அளிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்தார்கள். 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது. அதையும் கொடுக்கவில்லை. 1972-இல் செய்தித்தாளில் வந்த பிறகுதான் நின்றது. பம்பாயில் தலித் பாந்தர்ஸ் பிறந்த அதே ஆண்டு. இதில் என்னை உலுக்குவது ஒன்று உண்டு. அது இரகசிய ஆய்வு அல்ல. அதன் முடிவுகள் மருத்துவ இதழ்களில் பல ஆண்டுகள் கட்டுரைகளாக வந்தன. கணக்கேடு திறந்துதான் இருந்தது. வாசித்த ஆயிரக்கணக்கான மருத்துவர்களில் அநேகமாக யாருக்கும் அதில் கொலை தெரியவில்லை. அந்த மனிதர்களின் வீட்டிலிருந்து வந்தவர்கள் அந்த இதழ்களை வாசிக்கும் இடத்தில் இல்லை.

ஆகவே கணக்கு திறந்திருக்க வேண்டும் என்பதோடு, வாசிக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் அறிவியலை நம்பத் தகுந்ததாக்குகிறது. இட ஒதுக்கீட்டை வேலைக் கணக்காக மட்டும் பேசும் பழக்கம் நமக்கே வந்துவிட்டது. ஆய்வகத்திலும் ஆய்விதழிலும் நாம் இருப்பது, அங்கிருந்து வரும் முடிவு எவ்வளவு உண்மை என்பதோடு தொடர்புடையது. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று சுகதேவ் தோரட் குழு 2007-இல் அறிக்கை கொடுத்தது. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் நாம் இழந்த ரோகித் வெமுலா, அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர். அந்த இழப்புகளை நாம் நீதியின் கணக்கில் எழுதுகிறோம். அறிவின் கணக்கிலும் எழுத வேண்டும். அவர் எந்த அட்டவணையைத் திருப்பிப் போட்டிருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

பௌத்தத்தை ஏற்றது மட்டும் விசுவாசம் இல்லையா என்று இங்கே ஒருவர் கேட்கலாம். 1956 அக்டோபர் 14 நாகபுரியில் இலட்சக்கணக்கானவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள், அது வேறென்ன? சென்னையில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் அறிவியல் பேராசிரியராக இருந்த லட்சுமி நரசு, அயோத்திதாசரின் பௌத்த சங்கத்தோடு நின்றவர். பௌத்தத்தின் சாரம் என்று 1907-இல் அவர் எழுதிய ஆங்கில நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1948-இல் முன்னுரை எழுதியவர் அம்பேத்கர். ஆய்வகத்திலிருந்து வந்த ஒருவர் பௌத்தத்தில் கண்டதைத்தான் பின்னால் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலிலும் பார்க்கிறோம். அறிவுக்கு ஒவ்வாத எதையும் புத்தர் வாக்கு என்று ஏற்கத் தேவையில்லை என்பது அதில் அம்பேத்கர் வைக்கும் அளவுகோல். தம்மத்தைச் சொல்ல மரபிலேயே 'எஹிபஸ்ஸிகோ' என்ற பாலிச் சொல் உண்டு. வந்து பார் என்று அழைப்பது. வந்து பார் என்று அழைக்கும் மதத்திலும் பார்க்காமல் கும்பிடுகிறவர்கள் இருப்பார்கள், இருக்கிறார்கள். அது வேறு கூட்டத்தில் பேச வேண்டியது.

கடைசியாக ஒன்று. நான் சொன்ன மரபணு ஆய்வுகளின் பின்னிணைப்பில் நீண்ட பட்டியல்கள் இருக்கின்றன. மாலா, மாதிகா, குறும்பர், பளியர் என்று வரிசையாகக் குழுப் பெயர்கள், எத்தனை பேரிடம் மாதிரி எடுத்தார்கள் என்ற எண்கள். இரத்தம் கொடுத்தவர்களின் ஊரில் அந்தக் கட்டுரை என்ன சொன்னது என்று யாராவது போய்ச் சொன்னார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ஊருக்குப் போய்ச் சொல்லும் வேலையை நாமும் தொடங்கலாம். பேரவையின் அடுத்த வாசிப்புக் கூட்டத்தில் 1948 நூலின் மூக்கு அட்டவணை அத்தியாயத்தையும் 2013 ஆய்வுக் கட்டுரையையும் அருகருகே வைத்துப் படிக்கலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். உயிரியல் படிக்கும் மாணவத் தோழர்கள் இரண்டு பேர் கணிதப் பகுதியை விளக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கிருமியைப் பார்த்தீர்களா என்று கேட்பவர்களையும் அழைத்து வாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம். பின்வரிசையிலிருந்தே தொடங்குவோம்.